நான் திருப்பி வாங்கிக்கொண்ட மாத்திரைப் பொட்டலம்

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிறவர்கள் நீங்கள். உங்களிடம் மருந்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் எங்களுக்குக் கம்பவுண்டர் என்று பெயர். கலக்கிக் கொடுப்போம், மடித்துக் கொடுப்போம், "காரம் சேர்க்காதீங்கோ" என்று கூட ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்போம். முப்பத்தெட்டு வருஷம் அப்படி நின்றேன். என்னால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஒருத்தி சாகக் கிடந்தாள். அதுவும் மருந்தை மாற்றிக் கொடுத்ததாலோ, அளவு தப்பியதாலோ இல்லை. என் நல்ல குணத்தால். ஆகவே நல்ல குணத்தைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்கப் போகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பம்பாய்த் தாராவியில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு டிஸ்பென்சரி. டாக்டரம்மா மராத்திக்காரி. காலையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை, மாலையில் இங்கே. காலை நேரத்தில் நான் மட்டும் கடையைத் திறந்து வைத்திருப்பேன். பழைய சீட்டுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள், கட்டுப் பிரிக்க வருகிறவர்கள், சும்மா பெஞ்சில் உட்கார்ந்து பேச வருகிறவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவிருக்காது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, அவர்களுக்கு டாக்டரம்மாவின் ஹிந்தி பாதிதான் புரியும். படித்த தமிழர்கள் குடியிருந்த மாதுங்காவிலிருந்து நடந்து வரும் நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "இந்த ஜனங்களை எனக்குத் தெரியும்" என்று டாக்டரம்மாவிடமே சொல்லியிருக்கிறேன்.

செல்லக்கனி எங்களிடம் வந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் முத்தையா தோல் கிடங்கில் வேலை பார்த்தான். ஏழு வயதில் வள்ளி என்று ஒரு மகள். செல்லக்கனி வீட்டில் இருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கைதான் முதலில் போயிற்று. விரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாமல், சேலையைக்கூட மகளை விட்டுச் செருகச் சொல்கிற நிலை. முடக்குவாதம். டாக்டரம்மா அவளைத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்ப் பரிசோதித்து ஒரு ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் ஊசியில் நூலைத் தானே கோத்து எங்களிடம் கொண்டு வந்து காட்டினாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். டாக்டரம்மா வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்தார்.

அந்த நோய் என்ன என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை. உடம்புக்கு ஒரு கூர்க்கா இருக்கிறான். திருடனை அடிக்க வேண்டிய அவன் புத்தி பிசகி, வீட்டுக்காரனையே அடிக்கிறான். இந்த மாத்திரை அவனைக் கொஞ்சம் தூங்க வைக்கிறது. அதனால் வலி குறைகிறது. ஆனால் திருடன் வந்தால் கூர்க்கா தூக்கக் கலக்கத்தில்தான் எழுந்திருப்பான். சரி, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் முடியாது. மாத்திரையில் இருப்பதும் உடம்பு தானே தயாரிக்கிற ஒரு சரக்குதான். வெளியிலிருந்து வர ஆரம்பித்ததும் உடம்பு தன் பட்டறையை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் சரக்கில்லை, வெளியிலிருந்தும் வரத்தில்லை. அப்போது ஒரு சின்ன ஜுரம் போதும், ஆளைச் சாய்த்துவிடும்.

அந்த வருஷம் மாசி பங்குனியில் தாராவியில் சின்னம்மை இறங்கியது. ஒரு சாலில், அதுதான் வரிசை வீட்டுக் கட்டடத்தில், ஆரம்பித்து, அடுத்த சாலுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கொத்து. டிஸ்பென்சரியில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "எதிர்ப்புச் சக்திக்கு நல்ல டானிக் ஒண்ணு குடுங்க." டாக்டரம்மாவுக்கு டானிக் என்றாலே பிடிக்காது. "பாட்டில் காசுக்கு முட்டை வாங்கச் சொல்லுங்கள்" என்பார். நான் அதை அப்படியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, "டாக்டரம்மா முட்டை டானிக் எழுதியிருக்கா" என்று சொல்வேன்.

செல்லக்கனியும் வந்தாள். அவள் கேட்டது டானிக் இல்லை.

"இந்த மாத்திரையத் தின்னா மேலுக்குச் சக்தி கொறைஞ்சிரும்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்குச் சின்னதுல அம்மை போட்டதே கெடையாது. இது முடியுற வரைக்கும் நிறுத்திப் போடட்டா?"

நான் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கூடவே கூடாது. பயந்துகொண்டு நிறுத்தாதே. அம்மை போட்ட வீட்டுக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, ஜுரம் கண்டால் உடனே இங்கே வா, அப்போது மாத்திரையைக் கூட்டித்தான் தருவேன், குறைக்க மாட்டேன். இதையெல்லாம் என் வாயால்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். "பயந்து நிறுத்தப்படாது" என்று மூன்று தரம் சொன்னேன். அவளும் மூன்று தரம் தலையாட்டினாள். ஆளுக்கு ஆள் கடமையைச் செய்துவிட்ட திருப்தி.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முத்தையா டிஸ்பென்சரி வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. குளித்து, மஞ்சள் கரை வேட்டி கட்டி, வெறுங்காலோடு ரோட்டோரம் நின்றான். நான் வெளியே போனேன்.

"நேத்து வள்ளிக்கு ஆத்தா இறங்கிட்டா, சாரே" என்றான். சொல்லும்போதே கையைக் குவித்துக்கொண்டான். "அவ இருக்க வீட்டுல மருந்து மாத்திரை வச்சிருக்கப்படாதுல்லா. குப்பையில போடவும் மனசு வரல. நீங்க கொஞ்சம் பத்திரமா வச்சிருங்க. தலைக்குத் தண்ணி ஊத்தினதும் வந்து வாங்கிக்கிடுதேன்."

ஒரு காகிதப் பொட்டலம். நான் சனிக்கிழமை மடித்துக் கொடுத்ததுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "குழந்தையைப் பாத்துக்கோங்கோ, எளநீர் குடுங்கோ" என்றேன். உள்ளே வந்து இழுப்பறையில் வைத்தேன். எவ்வளவு நல்ல மனுஷன், மருந்தைத் தூக்கி எறியாமல் மரியாதையாகக் கொண்டு வந்து கொடுத்தானே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பொட்டலத்தின் மேல் 'செல்லக்கனி' என்று எழுதியிருந்தது என் கையெழுத்து.

இதில்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குஜராத்திக் கம்பவுண்டரோ பார்ஸிக் கம்பவுண்டரோ இருந்திருந்தால், "ஏன் திருப்பித் தருகிறாய்? அவள் எதைச் சாப்பிடுவாள்?" என்று கேட்டிருப்பான். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எங்கள் வீட்டில் என் தங்கைக்கு அம்மை போட்டபோது என் அம்மா, அப்பாவின் இருமல் மருந்திலிருந்து அமிர்தாஞ்சனம் மாதிரி தைல டப்பாக்கள் வரை எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கீழ் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். வீட்டில் தாளிதம் இல்லை, எண்ணெய் இல்லை, மருந்து இல்லை. அது எனக்குச் சுவாசம் மாதிரி இயல்பு. மருந்து படித்த மூளை ஒரு பக்கம், வேப்பிலை பார்த்த மூளை ஒரு பக்கம். இரண்டும் அன்றைக்கு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அதே சாலைச் சேர்ந்த ஒரு பெண் இருமல் மருந்துக்கு வந்தாள். பாட்டிலைக் கழுவிக்கொண்டே கேட்டேன், வள்ளி எப்படி இருக்கிறாள் என்று.

"புள்ள வெளையாடுது. அவ அம்மாக்காரிக்குத்தான் இறங்கப் போறா போல. நேத்துலேருந்து ஒரே வாந்தி. எந்திரிச்சு நிக்க முடியல. மேலெல்லாம் வேர்த்து ஊத்துது."

"முத்து போட்டிருக்கா?"

"இன்னும் போடல. போடும்."

"ம்" என்று சொல்லிவிட்டு, கார்க்கை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். பொட்டலம் என்னைப் பார்த்தது. பிரித்தேன். செவ்வாயிலிருந்து வெள்ளி. சனி, ஞாயிறு, திங்களுக்கு உரியது போக மீதி அத்தனையும் அப்படியே இருந்தது. கழுவிய பாட்டிலைக் கீழே போட்டேன். அந்தப் பெண் என்னைத்தான் சீக்காளி என்று நினைத்திருப்பாள்.

எதிரே இருந்த இரானி ஹோட்டலில் டெலிபோன் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வர அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். அவர் வந்ததும் ஒரே மூச்சில் சொன்னேன், நான் வாங்கி வைத்துக்கொண்டதையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"மகளுக்கு என்றைக்குப் போட்டது?"

"திங்கட்கிழமை."

"அப்படியானால் இது அம்மை இல்லை. மகளிடமிருந்து தாய்க்கு வர இரண்டு வாரம் ஆகும். நீ ஓடு. நான்கு மாத்திரை, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வாந்தி எடுத்தால் திரும்பக் கொடு. நான் ஊசி மருந்தோடு டாக்ஸியில் வருகிறேன். தர்வாஸா குலா ரக்னா."

கதவைத் திறந்து வை என்கிறார். அவருக்குத் தெரியும், அவர் வருவதற்குள் எனக்கு இருக்கிற பெரிய வேலை மாத்திரை கொடுப்பது இல்லை, அந்தக் கதவுதான் என்று.

ஓடினேன். பொட்டலத்தைக் கையில் பிடித்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சந்துக்குள் ஒரு கம்பவுண்டர் ஓடுவதைத் தாராவி அன்றுதான் பார்த்தது. செல்லக்கனியின் வாசலில் வேப்பிலை. செருப்பைக் கழற்றி விட்டு, அங்கே வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வள்ளி உடம்பெல்லாம் முத்துக்களோடு உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் செல்லக்கனி. முகம் சாம்பல் நிறம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள் பேச்சியம்மா. அந்தச் சாலில் குழாயடி வரிசையை நிர்வகிப்பது அவள்தான். யார் முதல் குடம், யார் கடைசிக் குடம் என்பதை அவள் சொன்னால் போலீஸ்காரனும் மாற்ற முடியாது. அம்மை போட்ட வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்ற நாள் குறிப்பதும் அவள்தான்.

நான் என் பாண்டித்தியத்தை எடுத்து விட்டேன். ரத்த அழுத்தம், சுரப்பி, உள்ளே மூடிய பட்டறை என்று மூச்சு வாங்க ஏதேதோ சொன்னேன். முத்தையா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பேச்சியம்மா அசையவில்லை.

"எய்யா, நீங்க படிச்சவிய. ஆனா இது மாதுங்கா இல்ல. ஆத்தா வந்திருக்க வீட்டுக்குள்ள மாத்திரையக் கொண்டாந்து, அவளுக்குக் கோவம் வந்து அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நீங்க சொல்லுவியளா?"

அது நியாயமான கேள்வி. அவள் வள்ளியைக் காப்பாற்றத்தான் படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போகலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். போயிருந்தால் சால் முழுவதும் கூடியிருக்கும், டாக்டரம்மா வரும்போது சந்துக்குள் நுழையவே முடிந்திருக்காது. கூர்க்கா கதையையும் பட்டறைக் கதையையும் விட்டுவிட்டு, அவளுக்குத் தெரிந்ததை அவளிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது. புத்திசாலித்தனமாக யோசித்துச் செய்ததாக இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வேறு வழி தெரியவில்லை.

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பேச்சியம்மா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தப்பு என்னோடது. முத்தையா மாத்திரையைக் கொண்டு வந்து குடுத்தபோது நான் வாங்கிண்டிருக்கப்படாது. ஏன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. இப்போ ஒங்களைக் கேக்கறேன். நீங்க எத்தனை வீட்ல பாத்திருப்பேள்?"

"அது கெடக்கு, நூறு எரநூறு."

"ஒரு வீட்ல ஒருத்தருக்கு அம்மை போட்டா, அதே வீட்ல ரெண்டாவது ஆளுக்கு எப்போ போடும்?"

"மொத ஆளுக்குத் தண்ணி ஊத்தி முடிச்சப் பொறவுதான். பதினஞ்சு நாளு ஆகும்."

"நாலு நாள்ல போட்டுப் பாத்திருக்கேளா?"

அவள் உள்ளே திரும்பி வள்ளியைப் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்தவளைப் பார்த்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். எழுந்து உள்ளே போய்ச் செல்லக்கனியின் நெற்றியைத் தொட்டு, கையைத் தூக்கிப் பார்த்து, கழுத்தடியில் முத்து தெரிகிறதா என்று விரலால் தடவினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"இது ஆத்தா இல்லலே. இவளுக்கு வேற என்னமோ" என்றாள் முத்தையாவிடம்.

"அப்பம் மாத்திரை குடுக்கலாமாக்கா?"

"இந்த வீட்டுக்குள்ள கூடாது. இங்க ஆத்தா இருக்கா." சொல்லிவிட்டுச் சந்துக்கு எதிர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க வீட்டுல இல்லல்லா? தூக்குலே அவள. ஏன் பாத்துக்கிட்டு நிக்க?"

எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். இருபது அடி தூரம். நான் ஆயுசு முழுவதும் படித்தாலும் எனக்குத் தோன்றியிருக்காத வழி. முத்தையா தலைப்பக்கம், பேச்சியம்மா கால்பக்கம், பாயோடு தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார்கள். பேச்சியம்மா வீட்டில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உப்பைப் போட்டு, மாத்திரையை நசுக்கிக் கரைத்து, கரண்டியால் ஊட்டினோம். முதல் தடவை வாந்தி எடுத்தாள். இரண்டாவது தடவை தங்கியது. டாக்டரம்மா வந்தபோது கதவு திறந்திருந்தது. ஊசி போட்டு, சலைன் பாட்டிலைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் மூன்று மணிக்குச் செல்லக்கனி கண்ணை நன்றாகத் திறந்து, "வள்ளி தின்னாளா?" என்று கேட்டாள். டாக்டரம்மா என்னிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. அது மட்டும் அவருக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டார், ஏன் வாங்கி வைத்துக்கொண்டாய் என்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றேன்.

"எனக்குத் தெரியாது, அதனால் நான் கேட்டிருப்பேன். உனக்குத் தெரியும், அதனால் நீ கேட்கவில்லை" என்றார். அதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கதை இங்கே முடியவில்லை. பேச்சியம்மா சொன்ன கணக்குப்படியே, வள்ளிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய சில நாளில் செல்லக்கனிக்கு நிஜமாகவே அம்மை போட்டது. இப்போது ஆத்தா வந்திருப்பது அவள் உடம்பிலேயே. எதிர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தப்பிக்க முடியாது. கூர்க்கா தூக்கக் கலக்கத்தில் இருக்கிற உடம்பில் அம்மை எப்படிப் போகும், நெஞ்சுக்குள் இறங்கிவிடுமோ என்று டாக்டரம்மாவுக்கே பயம். அம்மைக்கென்று கொடுக்க அவரிடம் எந்த மருந்தும் இல்லை. வாத மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் கையில் இருந்தது.

பேச்சியம்மா ஒரு பகல் முழுவதும் யோசித்திருக்கிறாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"இந்த மாத்திரை ஆத்தாவ வெரட்டுததுக்கா?"

"இல்லை. அவளை ஒண்ணும் பண்ணாது. இது செல்லக்கனியோட வாதத்துக்கு."

"அப்பம் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தின்னா என்ன?"

அப்படித்தான் ஆயிற்று. தினமும் காலையில் மாத்திரையை வேப்பிலைமேல் வைத்து, "தாயி, இது ஒனக்கு எதிரா இல்ல, இவ கைக்காக" என்று பேச்சியம்மா சொல்லிவிட்டு எடுத்துக் கொடுப்பாள். டாக்டரம்மா தினமும் வந்து, செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு, வாசலிலேயே நின்று செல்லக்கனி மூச்சு விடுவதை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போவார். பத்து நாள். முத்துக்கள் நிறையத்தான் போட்டன. இரண்டு நாள் ஜுரம் தூக்கியடித்தது. ஆனால் மூச்சு கெடவில்லை. காய்ந்து உதிர்ந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். சாலில் எல்லோரும் ஆத்தாவின் கருணை என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை நிற்காததுதான் என்றார். முத்தையா இரண்டு பேருக்கும் நன்றி சொன்னான். நான் கஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரியில் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தோம். நாள்பட்ட மருந்து சாப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: "எந்தெந்த நாளில் இந்த மருந்தைச் சாப்பிட மாட்டீர்கள்?" சாப்பிடுவீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். என்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், உலகமே வெளியே வரும். ரம்ஜான் நோன்பு, சோமவார விரதம், வீட்டில் சாவு, ஆடு வெட்டுகிற நாள், சாராயம் குடிக்கிற நாள். "தண்ணி அடிச்சா மருந்து முறிஞ்சிரும்லா, அதான் அன்னைக்கு மருந்த விட்டிருவேன்" என்று மிகப் பொறுப்பாகச் சொன்ன ஒருவர், வாரத்தில் நான்கு நாள் விடுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

செல்லக்கனியிடம் கேட்க வேண்டியதில்லை என்றுதான் நான் நினைத்தேன். சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவளிடம் போய் என்ன கேட்பது? சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது வாராந்தர மாத்திரைக்கு வந்தாள். முகத்தில் அம்மைத் தழும்பு, கையில் காஜா எடுத்து முடித்த சட்டைகளின் கட்டு. ஆளே பூரித்திருந்தாள். பொட்டலத்தை நீட்டிவிட்டேன். அவளும் வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். அப்புறம் என்னவோ மனசு கேட்கவில்லை. வேப்பிலையைத் தெரியும் என்று நினைத்துத்தானே அன்றைக்கும் ஏமாந்தேன்? கூப்பிட்டேன்.

"செல்லக்கனி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இனிமே எப்பவாவது இதை நிறுத்துவியா?"

"நிறுத்துவனா? கண்ணால எமனப் பாத்துட்டு வந்திருக்கேன், நிறுத்துவனா?" என்றாள். "ஆத்தாவே தின்னுன்னு சொல்லிட்டா."

"அவ்வளவுதான், போ."

போகாமல் நின்றாள். சட்டைக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அடுத்த வாரம் ஊருக்குப் போறோம், சாரே. கோயில் கொடைக்கு. இருபது நாளு. அங்க மட்டும் தின்ன மாட்டேன்."

"ஏன்?"

"எனக்குச் சீக்குன்னு எங்க அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா இவியளுக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிருவா." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அது இன்னொரு கணக்கு, இதற்கும் எமனுக்கும் சம்பந்தமில்லை என்பது போல.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"நீங்க பயந்து நிறுத்தாதன்னு சொன்னிய, நிறுத்தல. ஆத்தாவுக்காக நிறுத்தாதன்னு சொன்னிய, நிறுத்தல. மாமியாளப் பத்தி ஆருங் கேக்கலியே?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்தாகிட்ட பேச்சியக்கா சொன்னாவ. எங்க அத்தைகிட்ட ஆரு சொல்லுவா?"

நான் கவுண்டர் பலகையைத் தூக்கி வெளியே வந்து, அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.